பூஞ்சை பிடித்த பைனாகுலரும் பதினொரு பாகைச் சாய்வும்

2025 ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். அதே தேதியில்தான் வானத்தில் ஓநாய் (லூப்பஸ்) என்கிற நட்சத்திர மண்டலத்தில் ஒரு புது வெளிச்சம் பதிவானது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் நீடாமங்கலம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற எனக்கு இரண்டும் ஒரே வாரத்தில்தான் வந்து விடிந்தன. குறுவை நாற்றங்காலுக்குப் போர் தண்ணீரை இறைத்தே புகைந்துபோன மோட்டார்கள் கடை வாசல்வரை வரிசையில் நின்றன. ராத்திரியானால் மனசு மொட்டைமாடியில்.

கண்டுபிடித்தபோது அதன் பிரகாச எண் 8.7. வெறும் கண்ணுக்கு 6 வரைதான் எட்டும், அதுவும் நல்ல இருட்டில். எண் குறையக் குறைய ஒளி கூடும். ஐந்து எண் குறைந்தால் நூறு மடங்கு, ஒரு எண் குறைந்தால் 2.512 மடங்கு. இந்தக் கணக்கை 1856-ல் முன்வைத்த நார்மன் போக்சன் பிற்பாடு மதராஸ் வானாய்வகத்துக்குத் தலைவராக வந்து, 1891-ல் சாகும்வரை நுங்கம்பாக்கத்திலேயே இருந்த மனிதர். அவர் மறுபடியும் வருவார்.

ஜூன் 18 வாக்கில் அது ஆறைத் தாண்டி 5.7-ஐத் தொட்டுவிட்டது என்று செய்தி. பெயரும் வைத்துவிட்டார்கள்: வி462 லூப்பி. நோவா. செத்துச் சுருங்கிய ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரம், பக்கத்துத் துணை நட்சத்திரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சி மேலே போர்த்திக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்தப் போர்வையின் அடிப்பக்கம் அணுப்பிணைவில் தீப்பிடித்து, மொத்தமும் வெளியே வீசியடிக்கப்படும். பால் பொங்கி வழிவது மாதிரிதான். பாத்திரம் அப்படியே இருக்கும். பாத்திரமே உடைந்தால் அது சூப்பர்நோவா, வேறு கதை.

பார்க்க என்னிடம் இருந்தது சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த 10×50 பைனாகுலர், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர். பீரோவில் புடவைக்கு அடியில் நாலைந்து வருடம் கிடந்தது. எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே சிலந்தி வலை கட்டியிருக்கிறது. சிலந்தி இல்லை, பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் தோல் பெட்டிக்குள் எதை மூடி வைத்தாலும் இதுதான் கதி. பெட்டிதான் முதல் எதிரி என்று இப்போது சொல்வேன்.

முன்பக்கக் குழாய்கள் இரண்டும் மரைதான், கையாலேயே கழன்று வந்தன. பெரிய லென்சின் உட்புறத்தில் லேசாக, முப்பட்டகங்களில் நன்றாகவே பூஞ்சை. முப்பட்டகத்தை ஒரு தகடு கிளிப் அமுக்கிப் பிடித்திருக்கும். கழற்றுமுன் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். மூன்றுக்குப் போட்டேன், நான்காவதற்கு மறந்துவிட்டேன். அந்த மறதி இரண்டு ராத்திரியைத் தின்றது, சொல்கிறேன்.

துடைக்க, மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அதில் நனைத்த பஞ்சை பூஞ்சை மேல் ஒரு நிமிடம் போட்டு வைத்து, அழுத்தாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு. பிறகு பேட்டரித் தண்ணீர். கடைசியில் செல்போன் சர்வீஸ் கடைக்காரர் சின்னச் சீசாவில் கொடுத்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஓர் இடத்தில் பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிட்டது. அந்தத் தழும்பு போகாது, பார்வைக்கு அதனால் பெரிய குறையும் இல்லை.

மாட்டி முடித்து அன்று ராத்திரி மாடிக்குப் போனால் கேட்டை நட்சத்திரம் இரண்டாகத் தெரிகிறது. சித்திரையும் இரண்டு. நான்காவது முப்பட்டகம் ஒரு மயிரிழை திரும்பி உட்கார்ந்துவிட்டது. இரண்டு குழாயும் இரண்டு திசையைப் பார்க்கின்றன.

இதைச் சரிசெய்ய, முப்பட்டக அறையின் வெளியே, ஒட்டியிருக்கும் ரெக்சின் தோலுக்கு அடியில் பொடி ஸ்க்ரூக்கள் இருக்கும். தோலின் ஓரத்தை மட்டும் பிளேடால் தூக்கினால் போதும். எதிரே கோரையாற்றுக்கு அப்பால் செல்போன் டவர் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. அதுதான் என் ஆய்வகம். ஒரு கண் குழாயில் விளக்கைக் கூர்மையான புள்ளியாக வைத்து, மறு கண்ணில் வேண்டுமென்றே ஃபோகசைக் குலைத்துப் பெரிய வட்டமாக்கினேன். புள்ளி வட்டத்தின் நடுவில் விழ வேண்டும். ஸ்க்ரூவை அரைக்கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. கண் கொஞ்சம் ஏமாற்றும், இரண்டு படத்தையும் தானே இழுத்து ஒட்டவைக்கப் பார்க்கும். அதனால் கண்ணை மூடித் திறந்த முதல் நொடியில் தெரிவதைத்தான் நம்ப வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் புள்ளி நடுவில் வந்து உட்கார்ந்தது. கழுத்து மூன்று நாள் வலித்தது.

ஸ்டாண்டுக்கு யோசிக்கவே இல்லை. கடை மூலையில் ஒரு பெடஸ்டல் ஃபேன், மோட்டார் எரிந்து யாரும் திரும்பி வாங்காமல் கிடந்தது. தலையைக் கழற்றிவிட்டால் உயரம் ஏறி இறங்கும், பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் சாயும். பைனாகுலரின் நடு அச்சில் முன்பக்கம் ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்தால் உள்ளே கால் அங்குல மரை. ஓர் எல் தகடு, ஒரு போல்ட், ஆட்டம் வராமல் இருக்க சைக்கிள் டியூப் துண்டில் வெட்டிய வாஷர். மொத்தச் செலவு அந்த போல்ட் மட்டும்தான்.

19-ம் தேதி, இரவு 9 மணி தாண்டி. தேய்பிறை, நிலா எழ நள்ளிரவு ஆகும். தெற்கே தென்னைகளுக்கு மேலே, அடிவானத்திலிருந்து 39 பாகை உயரம். இங்கே நமக்கு ஒரு கொடுப்பினை. ஐரோப்பாவில் பலருக்கு அடிவானத்தைவிட்டு எழும்பாத ஓநாய் மண்டலம் நமக்குத் தலையை அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கிறது. ஒரு மண்டலத்துக்குள் நட்சத்திரங்களைக் கிரேக்க எழுத்தால்தான் குறிப்பார்கள். கேட்டையிலிருந்து தென்மேற்கே இறங்கினால் ஓநாயின் டெல்டா நட்சத்திரம். அதற்கு மேற்கே, கொஞ்சம் கீழே, ஒரு பாகை இடைவெளியில் ஜோடியாக ஓநாயின் பீட்டாவும் பக்கத்து சென்டாரஸ் மண்டலத்தின் கப்பாவும். டெல்டாவுக்கும் கப்பாவுக்கும் இடையில், இரண்டிலிருந்தும் ஏறக்குறைய இரண்டரை பாகை தள்ளி நிற்கிறது அந்தப் புள்ளி. எல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்கிவிட்டன. வரைபடத்தில் அந்த இடம் காலி.

கீழே இருந்து அம்மா, “கொசு பிடுங்குறதுல அப்படி என்னடா தெரியுது?” என்றாள். மேலே வந்து பார்த்தாள். “இது எல்லாத்தையும் போலத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். நியாயம்தான். நோவாவைப் பார்ப்பதில் காட்சி என்று ஒன்றும் இல்லை. நேற்று இல்லாதது இன்று இருக்கிறது, நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்று எண்ணில் எழுதுவதில்தான் விஷயம்.

எழுதுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், இது யாராலும் முடியும். அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் 1911-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அவர்கள் வரைபடத்தை இலவசமாக எடுக்கலாம். அதில் நோவாவைச் சுற்றியுள்ள மாறாத நட்சத்திரங்களுக்கு எண் போட்டிருக்கும். 54 என்றால் 5.4. தசமப் புள்ளியை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் அதையும் ஒரு நட்சத்திரம் என்று நினைத்துவிடுவோம். நோவாவைவிடச் சற்று ஒளி கூடிய ஒன்றும் சற்று மங்கிய ஒன்றும் தேர்ந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு 54-ம் 61-ம் என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே 0.7 வித்தியாசம். நோவா அந்த இடைவெளியில் பத்தில் நாலு பங்கு கீழே இருப்பதாகக் கண் சொன்னால், 5.4-உடன் 0.28 கூட்டி, 5.7. கடையில் வோல்ட் மீட்டர் முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் நாம் போடுகிற கணக்கேதான்.

நோவா சில நாளில் செம்மை ஏறும், ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி கூடுவதால். சிவப்புப் புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஒளி கூடுவதுபோலத் தோன்றும். சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும்.

நான் சறுக்கியது வேறு இடத்தில். ஜூன் 25-ல் வேலா என்கிற நட்சத்திர மண்டலத்தில் இன்னொரு நோவா. ஒரே நேரத்தில் இரண்டு நோவா வெறும் கண்ணுக்கு எட்டுவது அபூர்வம். ஆனால் இது பொழுது சாய்ந்து ஏழரை மணிக்கெல்லாம் தென்மேற்கில் 15 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நான் அவசரத்தில் ஒப்பிட எடுத்த நட்சத்திரங்கள் சென்டாரசில், நன்றாக உயரத்தில். 5.8 என்று எழுதி அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் எல்லாரும் 5-ஐ ஒட்டி எழுதியிருக்கிறார்கள். என் கண்ணைச் சந்தேகித்து, பைனாகுலரைச் சந்தேகித்து, மறுநாள்தான் உறைத்தது. 15 பாகை உயரத்தில் பார்க்கும்போது ஒளி நேர் உச்சியைவிட ஏறக்குறைய நாலு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதிலும் நாற்றங்கால் உழுத புழுதி. தாழ்ந்திருப்பதைத் தாழ்ந்திருப்பதோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த வரியை நோட்டில் அடிக்காமல், பக்கத்தில் காரணத்தை எழுதி வைத்திருக்கிறேன். ஜூலை 10 பௌர்ணமி வெளிச்சத்தோடு நோவாக் கணக்கை மூடினேன்.

அடுத்தது வால்நட்சத்திரம். சி/2025 ஏ6 லெம்மன். ஜனவரி 3-ல் அரிசோனாவின் லெம்மன் மலை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அக்டோபர் 21-ல் பூமிக்கு அருகில், சுமார் 9 கோடி கிலோமீட்டர். நவம்பர் 8-ல் சூரியனுக்கு அருகில். போன சுற்றில் இது வந்து சுமார் 1,350 ஆண்டு ஆகிறது, அப்போது தஞ்சைப் பெரிய கோயில் எழும்ப இன்னும் முந்நூறு ஆண்டுக்கு மேல் பாக்கி. நோவா ஒரு புள்ளி, அதற்கு எண் போதும். இதற்கு வால் உண்டு, படம் எடுக்காமல் விட மனசு வரவில்லை. கல்யாணப் படம் எடுக்கும் என் மச்சானிடம் கேமராவும் 50 எம்எம் லென்சும் இருக்கின்றன. ஆனால் அசையாத ஸ்டாண்டில் வைத்தால் ஆறேழு விநாடிக்கு மேல் நட்சத்திரம் கோடாகிவிடும். பூமியோடு எதிர்த்திசையில் திரும்பும் ஒரு பலகை வேண்டும்.

இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு திருகு. அவ்வளவுதான் கருவி. ஆறு எம்எம் போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். பூமி ஒரு நிமிடத்தில் திரும்புவது 0.2507 பாகை. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால், கீலின் அச்சிலிருந்து திருகு 228.6 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். அவர் டேப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒம்போது அங்குலம்னு சொல்லுங்க தம்பி, அதுக்கு எதுக்குப் புள்ளி வைக்கிறீங்க?” என்றார். பெருக்கிப் பார்த்தேன். ஒன்பது அங்குலம், அட்சர சுத்தமாக 228.6.

கீலின் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் எல்லாம் அது கூரைச் சரிவு மாதிரி நிமிர்ந்து நிற்கும், நாற்பது ஐம்பது பாகை அட்சரேகைக்காரர்கள் செய்தது. நமக்கு 10.8 பாகை. ஓர் அடி நீள அடிப்பலகைக்கு வடக்குப் பக்கம் இரண்டேகால் அங்குலமும் கொஞ்சமும் உயர்த்தினால் முடிந்தது. கருவி ஏறக்குறையப் படுத்துக்கிடக்கும். துருவ நட்சத்திரமும் அதே உயரத்தில்தான், அதாவது என் மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்துத் தோப்பின் தென்னை மட்டைக்குள். அதைக் குறிபார்க்கும் வழியில்லை.

செல்போன் திசைகாட்டி, கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தில் இடத்துக்கு ஒரு வடக்கு காட்டியது. சரி, வடக்கு தெற்காக விழும் உச்சிவேளை நிழலைப் பார்ப்போம் என்று செப்டம்பர் 1 அன்று தூக்குக்குண்டு கட்டினேன். அன்று சூரியக் கணக்கும் கடிகாரமும் ஒத்துப்போகும், நம் ஊருக்கு உச்சி 12 மணி 12 நிமிடம். எல்லாம் படித்துத்தான் செய்தேன். நிழல் எங்கே? ஆவணியில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே. ஒரு மீட்டர் கம்புக்கு நாலரை சென்டிமீட்டர் நிழல், அதுவும் நிமிடத்துக்கு ஐந்தாறு பாகை திரும்பிக்கொண்டே இருக்கிறது. எந்த நொடியில் கோடு போடுவது?

பலகை வாங்கப் போனபோது புலம்பினேன். ஆசாரி சிரித்தார். “உச்சி நிழல யாரு பாக்கச் சொன்னா? கோயில் வேலைக்குச் சங்கு நட்டுத்தான் திசை கட்டுவோம். காலைல ஒரு புள்ளி, சாயங்காலம் ஒரு புள்ளி.” சங்கு என்பது ஒரு முளைதான். அதை ரசமட்டம் பார்த்த தரையில் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு புள்ளி, மாலையில் வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. கடிகாரமே வேண்டாம். அந்தக் கோடு இன்றும் என் மாடியில் பெயிண்டில் இருக்கிறது. இதில் ஒரு பாகை பிசகினாலும் ஒரு நிமிடப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது.

முதல் சோதனைப் படத்தில் நட்சத்திரக் கோடுகள் கருவி இல்லாமல் எடுத்ததைவிட இரட்டை நீளம். பலகையைத் திசை மாற்றி வைத்திருக்கிறேன். வடக்கைப் பார்த்து நின்றால் கீல் இடக்கைப் பக்கமும் திருகு வலக்கைப் பக்கமும் வர வேண்டும். திருப்பி வைத்ததும் புள்ளி புள்ளியாக விழுந்தன. திருகுவது கையால்தான். பதினைந்து விநாடிக்குக் கால் சுற்று. மகள் செல்போனைப் பார்த்து, “பதினஞ்சு… முப்பது…” என்று எண்ணுவாள், நான் திருப்புவேன். மோட்டார் கடைக்காரன் மோட்டார் வைக்காததைப் பற்றி மச்சான் இன்னும் கிண்டல் செய்கிறான்.

எல்லாம் தயார். அக்டோபர் 16-ல் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. தீபாவளி 20-ம் தேதி, மறுநாள் வால்நட்சத்திரம் அருகில். வானத்தில் மேகம், தரையில் வெடிப்புகை, ரோட்டில் காயப் போட்ட குறுவை நெல் நனைந்து முளை விடுகிற கவலை. அந்த வாரத்தில் வால்நட்சத்திரத்தைப் பற்றிப் பேசினால் அடி விழும்.

போக்சன் நினைவு வந்தது அப்போதுதான். 1872 நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர் அவருக்குத் தந்தி அடித்தார்: பியேலா வால்நட்சத்திரம் 27-ம் தேதி பூமியைத் தொட்டுப் போய்விட்டது, சென்டாரசின் தீட்டா அருகே தேடுங்கள். மதராசில் மழைக்காலம். மேகம் விலகிய இரண்டே இரண்டு விடியற்காலைகளில், டிசம்பர் 2, 3-ல், அவர் உண்மையாகவே ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்து இடம் குறித்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது. பாதையைக் கணிக்க மூன்று நாள் இடம் வேண்டும். மூன்றாவது கிடைக்கவே இல்லை. அவர் பார்த்தது பியேலாவா வேறா என்று அதன் பிறகு வெகுகாலம் விவாதித்தார்கள். ஐப்பசி கார்த்திகை மேகத்திடம் நாம் மட்டும் ஏமாறவில்லை.

மோந்தா புயல் ஆந்திரக் கரையைப் பார்த்துப் போன சமயம், இங்கே ஒரு சாயங்காலம் மேற்கு மட்டும் துடைத்துவிட்டாற்போல் திறந்தது. தெற்கே உயரத்தில் ஏறக்குறைய அரைநிலா, அது ஒரு தொல்லை. 6.40 மணி. கேட்டை தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு வலப்புறம் ஏறக்குறைய அதே உயரத்தில், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் மூன்றரை முஷ்டி தள்ளி, பைனாகுலரில் ஒரு பஞ்சுப் பொட்டு. நட்சத்திரம்போல் கூர்மையாகவில்லை, எவ்வளவு ஃபோகஸ் செய்தாலும் ஆகாது. மேல்நோக்கி லேசான புகை. பழைய தமிழில் இதற்குப் புகைக்கொடி என்று பெயர், பார்த்தபின் வேறு பெயர் வைக்கத் தோன்றாது. வெறும் கண்ணுக்கு, இருக்கிற இடம் தெரிந்து ஓரப்பார்வையில் பார்த்தால், ம், இருந்தது என்று சொல்லலாம். சத்தியம் செய்யமாட்டேன்.

இதன் ஒளியை அளக்க நோவா வழி ஒத்துவராது, புள்ளியையும் பஞ்சையும் எப்படி ஒப்பிடுவது? ஒப்பீட்டு நட்சத்திரத்தின் ஃபோகசைக் குலைத்து, அதையும் இதே அளவுப் பஞ்சாக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். டவர் விளக்கில் பழகிய கை. இந்தத் தடவை உயரம் ஒத்த நட்சத்திரங்களைத்தான் எடுத்தேன். 4.3 என்று எழுதினேன்.

ஒரு நிமிடம் வீதம் பதினோரு படம். எட்டாவதில் மகளுக்குத் தும்மல் வந்து எண்ணிக்கை தவறியது, அதைக் கழித்துவிட்டோம். மற்றவற்றில் தலை பச்சையாக விழுந்திருந்தது, இரண்டு கார்பன் அணு சேர்ந்த மூலக்கூறு சூரிய ஒளியில் விடுகிற நிறம் அது. வால் படத்தின் மேல் ஓரம்வரை மெல்லிய கோடாகப் போயிருந்தது. கண்ணுக்கு அதில் கால்வாசிகூடத் தெரியவில்லை. அம்மா கேமராத் திரையைப் பார்த்தாள். “வால்வெள்ளி தெரிஞ்சா ராசாவுக்கு ஆகாதும்பாங்க” என்றாள். “இப்ப ராசா ஏது அப்பாயி?” என்றாள் மகள். ஏழேகாலுக்கு மேற்கும் மூடிக்கொண்டது.

பைனாகுலர் இப்போது தோல் பெட்டியில் இல்லை. எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. நோட்டில் அதற்குப் பிறகு இருக்கும் வரிகள்:

29 அக். மேகம்.
30 அக். மேகம். எட்டு மணிக்கு ஒரு நிமிடம் திருவோணம் தெரிந்தது.
31 அக். மேகம். கீல் துரு பிடித்திருக்கிறது, கிரீஸ் வைத்தேன்.